அக்காவுக்கு இரண்டாவது குப்பைச் சாக்கு ஒன்று கொடுங்கள்

கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளை நடத்தும் அதிபர்மாருக்கும், சுற்றாடல் கழகத்துக்குப் பொறுப்பான சேர்மார், டீச்சர்மாருக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கிற அம்மா அப்பாமாருக்கும்,

வணக்கம்.

நாங்கள் உயர்தர வகுப்பில் படிக்கிற சிலர். எங்கள் பாடசாலையின் பெயரை இதில் எழுதவில்லை, ஏனென்றால் இது ஒரு பாடசாலையின் கதை இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் போகிற டியூசனுக்கு ஏழெட்டுப் பாடசாலைகளில் இருந்து பிள்ளைகள் வருகிறார்கள், கொட்டாஞ்சேனையில் இருந்தும் மட்டக்குளியில் இருந்தும்கூட வருகிறார்கள், பாடசாலைக் குப்பைக்கு என்ன நடக்கிறது என்று எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தோம், "எங்கட ஸ்கூல்லயும் இப்பிடித்தான்" என்றுதான் பதில் வந்தது. அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறோம். மரியாதைக் குறைவாக எங்கேயாவது பட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுவதையும் வாசியுங்கள்.

போன தவணை எங்கள் பாடசாலைக்கு மூன்று குப்பைத் தொட்டிகள் வந்தன. பச்சை, நீலம், செம்மஞ்சள். பச்சைக்குள் சோறு, கறி, பழத்தோல், இலை. நீலத்துக்குள் கடதாசி. செம்மஞ்சளுக்குள் பிளாஸ்டிக்கும் பொலித்தீனும். காலைக் கூட்டத்தில் வைத்து அறிமுகப்படுத்தினார்கள், படம் எடுத்தார்கள், அப்புறம் சுற்றாடல் கழகப் பிள்ளைகளை இடைவேளை நேரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நாங்களும் நின்றோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் யோகட் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து "அக்கா, இது எதுக்குள்ள?" என்று கேட்பார்கள், கழுவிவிட்டுச் செம்மஞ்சளுக்குள் போடச் சொல்வோம், உடனே குழாயடிக்கு ஓடிப்போய்க் கழுவி, சட்டையெல்லாம் நனைந்து, திரும்பி வந்து போடுவார்கள். இரண்டு கிழமைக்குள் அந்தச் சின்னப் பிள்ளைகள் எங்களை விட நன்றாகப் பிரிக்கப் பழகிவிட்டார்கள். ஒரு தம்பி வாழைப்பழத்தில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக்கூட நகத்தால் உரித்து எடுத்துவிட்டுத்தான் தோலைப் பச்சைக்குள் போட்டான்.

ஒருநாள் பின்னேர வகுப்பு முடிந்து ஐந்து மணி போலக் கீழே இறங்கி வருகிறோம். துப்புரவு வேலை செய்கிற அக்கா தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாக்குக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முதலில் பச்சை, பிறகு நீலம், பிறகு செம்மஞ்சள். எல்லாம் ஒரே சாக்குக்குள். கழுவித் துடைத்த யோகட் கோப்பைகள் பருப்புக் குழம்புக்கு மேலே போய் விழுந்தன.

எங்களில் ஒருத்திக்குத் தாங்கவில்லை. "அக்கா, நாங்க பிரிச்சுத்தானே போட்டிருக்கோம்" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டாள். அக்கா நிமிர்ந்து பார்த்தார், கோபப்படவில்லை. "தெரியும் மகள். நீங்க பிரிக்கிறத நானும் தினம் பாக்கிறேன்தானே. எனக்குத் தந்திருக்கிறது ஒரு சாக்குத்தான்" என்றார்.

அவ்வளவுதான். சாக்கின் வாயைக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கக் கேற்றுக்குப் போய்விட்டார். நாங்கள் அந்த இடத்திலேயே நின்றோம். வெட்கமாக இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளைக்கு இடைவேளையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அன்றைக்குப் பிறகுதான் அந்தச் சாக்கு எங்கே போகிறது என்று விசாரிக்கத் தொடங்கினோம். வகுப்பாசிரியரிடம் கேட்டோம், ஒபிஸில் கேட்டோம், கேற்றடியில் இருக்கிற ஐயாவிடம் கேட்டோம். லொறி வரும், ஏற்றிக்கொண்டு போகும், அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, எங்கள் வீடுகளிலும் இதே நிலைமைதான். காலையில் பையைக் கட்டி வாசலில் வைக்கிறோம், போய்விடுகிறது, அதோடு மறந்துவிடுகிறோம்.

ஆனால் கொழும்புக்காரருக்கு இதை மறக்கிற உரிமை இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா புளூமெண்டல் பக்கம் இருந்தவர். 2009 வரைக்கும் கொழும்பின் குப்பை அங்கேதான் கொட்டப்பட்டது. மழை பெய்தால் வீட்டுக்குள் இருக்க முடியாது, வெயில் அடித்தால் மேடு புகையும், கல்யாணப் பேச்சுக்கு ஆட்கள் வந்தால் முதல்நாளே சாம்பிராணி போடத் தொடங்கிவிடுவோம் என்று அம்மம்மா இப்போதும் சொல்வார். அங்கே நிறுத்தியபோது குப்பை குறைந்துவிடவில்லை. கொலன்னாவைப் பக்கம் மீத்தொட்டமுல்லவுக்குப் போனது. அங்கேயும் வீடுகளுக்கு நடுவில்தான். அந்தச் சனம் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்தது, ஊர்வலம் போனது, கொட்டுவது நிற்கவில்லை.

2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு, அந்த வருஷம் பெரிய வெள்ளியும் அதே நாளில் வந்தது. பிற்பகலில் மேடு சரிந்து வீடுகளுக்கு மேலே விழுந்தது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்களுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு டிவியில் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று இப்போது தெரிகிறது: அந்த மேட்டில் எங்கள் வீட்டுக் குப்பையும் இருந்தது. நாங்கள் படித்த ஆரம்பப் பாடசாலையின் குப்பையும் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் கதை மாறவில்லை, இடம்தான் மாறியது. கெரவலப்பிட்டியவில் 2021இல் குப்பையை எரித்து 10 மெகாவோட் மின்சாரம் எடுக்கிற நிலையம் தொடங்கியது, அது முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். இன்னொரு பக்கம் புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவில், வில்பத்துக் காட்டுக்குக் கிட்ட, பழைய சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிகளில் கொழும்புக் குப்பையைக் கொண்டுபோய்ப் புதைக்கிற திட்டம். 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் அதை எதிர்த்து மாதக்கணக்கில் போராடினார்கள், கொழும்பு வரைக்கும் வந்து போராடினார்கள். அங்கே வீதியில் நின்றவர்களில் எங்களைப் போலத் தமிழில் படிக்கிற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் எங்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்டால் போதும்: "உங்கட குப்பைய ஏன் எங்கட ஊருக்கு அனுப்புறீங்க?" இதற்கு எங்களிடம் என்ன பதில் இருக்கிறது? மூன்று நிறத்தில் தொட்டி வைத்திருக்கிறோம் என்றா?

சரி, எங்கள் பக்கம் என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை முடிந்த பிறகு, எங்கள் வகுப்புத் தொட்டியைப் பழைய பேப்பர் விரித்து அதற்கு மேலே கொட்டினோம். மூக்கைப் பொத்திக்கொண்டு, கையில் பழைய பொலித்தீன் உறையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். நிறைய விதமான குப்பை இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அப்படி இல்லை. முக்கால்வாசி லன்ச் ஷீட், சோறு கட்டுகிற மெல்லிய பொலித்தீன் தாள்தான். மஞ்சள் எண்ணெய் பூசி, உள்ளே ஒரு பிடி சோறும் கறிவேப்பிலையும் கத்தரிக்காய்க் காம்பும் சுருட்டி, மேலே நியூஸ் பேப்பர், அதற்கு மேலே ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றும் அம்மாமார் அதிகாலை எழுந்து கட்டிக்கொடுத்த பார்சல். அப்புறம் பால் பைக்கற், யோகட் கோப்பை, கன்டீனில் றோல்ஸும் பற்றிஸும் சுற்றித் தருகிற சின்னப் பைகள், மை தீர்ந்த பேனாக்கள்.

லன்ச் ஷீட்டை விரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. அதை எந்தத் தொட்டிக்குள் போட்டாலும் பிழைதான். பச்சைக்குள் போட்டால் சோற்றோடு பொலித்தீனும் போகும், கூட்டெரு செய்ய முடியாது. செம்மஞ்சளுக்குள் போட்டால் பொலித்தீனோடு சோறும் எண்ணெயும் போகும், மீள்சுழற்சிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். சோறும் பொலித்தீனும் ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் எத்தனை நிறத்தில் தொட்டி வைத்தும் பலன் இல்லை.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இலங்கையில் சேருகிற குப்பையில் பாதிக்கு மேல் உணவு, மரக்கறிக் கழிவு, இலை குழை மாதிரி உக்கிப்போகிறதுதான். அதைத் தனியே எடுத்து, காற்றுப் படுகிற மாதிரி வைத்தால் சில மாதத்தில் நல்ல பசளை. அதையே பொலித்தீனுக்குள் கட்டி, மேடாகக் குவித்து, காற்றே போகாமல் அமுக்கினால் மீதேன். இரசாயனவியல் பாடத்தில் மீதேனின் கட்டமைப்பை வரைந்து புள்ளி வாங்குகிறோம், பாடசாலைப் பின்பக்கக் கேற்றில் இருந்து அதை நாங்களே தினமும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஈரச் சோறு கலந்த குப்பை, எரிக்கிற நிலையத்துக்குப் போனாலும் லேசில் எரியாது, முதலில் அந்த ஈரத்தைக் காயவைக்கவே வெப்பம் செலவாகும். ஆக, புதைத்தாலும் எரித்தாலும் நாங்கள் பிரிக்காமல் அனுப்புவதுதான் அடுத்த ஆளின் தலையில் போய் விடிகிறது.

பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்குத் தடை இருக்கிறதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2017 செப்டெம்பர் 1ஆம் திகதி, அதாவது மீத்தொட்டமுல்ல சரிந்து ஐந்து மாதம்கூட ஆகாத நேரத்தில், லன்ச் ஷீட், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் தடை வந்தது. 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு என்று இன்னொரு பட்டியல். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் இந்தத் திகதிகள் தெரியாது, நாங்களே இப்போதுதான் தேடிப் படித்தோம். ஆனால் 2025 நவம்பரில் கடைகளில் சொப்பிங் பைக்குக் காசு எடுக்கத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் அம்மாமார் அடுத்த கிழமையே துணிப் பையைக் கதவுக் கொளுக்கியில் தொங்கவிட்டார்கள். ஒரு போஸ்டரும் ஒட்டாமல், ஒரு பேச்சுப் போட்டியும் வைக்காமல், ஒரு பழக்கம் மாறியது. எங்கள் கருத்து இதுதான், பிள்ளைகளுக்கு அறிவு போதாமல் இல்லை. அறிவு நிறையவே இருக்கிறது. நாங்கள் ஐந்தாம் ஆண்டில் இருந்து "சுற்றாடலைப் பாதுகாப்போம்" கட்டுரை எழுதுகிறோம். ஏற்பாடுதான் இல்லை.

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் ஏன் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வருவதில்லை என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். சோம்பல் என்று நீங்கள் நினைப்பீர்கள், கொஞ்சம் இருக்கலாம். ஆனால் முக்கால்வாசிப் பேர் சொன்னது வேறு. பாடசாலை முடிந்து நேரே டியூசன், வீட்டுக்குப் போக இரவு ஏழு, எட்டு மணி. பகல் சாப்பிட்ட பெட்டியைக் கழுவ இடமில்லை. குழாயடியில் சவர்க்காரம் இல்லை, தண்ணீர் சில நாள் நூல் மாதிரி வரும், பெட்டியைக் கழுவப் போனால் கையும் முகமும் கழுவ நிற்கிற வரிசை கத்தும். கழுவாத பெட்டியில் மீன் குழம்பு மணம் புத்தகப் பை முழுக்கப் பரவும், டியூசனில் பக்கத்தில் இருக்கிறவள் முகத்தைச் சுளிப்பாள். பார்சல் என்றால் சுருட்டி எறிந்துவிட்டுப் போய்விடலாம். ஒரு பிள்ளை இதைச் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது, அவளுடைய அம்மா வேலைக்குப் போக விடிய நாலரைக்கே எழும்புகிறவர், "பெட்டிய மறந்துட்டு வந்தா வேற பெட்டி வாங்கக் காசில்ல" என்று பார்சல்தான் கட்டிக் கொடுப்பாராம். இந்தப் பிள்ளையின் கையில் இருக்கிற லன்ச் ஷீட்டைப் பறித்து எல்லோர் முன்னாலும் ஏசுவதால் ஒன்றும் நடக்காது. ஆனால் அப்படி நடக்கிறது. காலைக் கூட்டத்தில் பையைச் சோதிக்கிறார்கள். அதை நிறுத்துங்கள். குழாயடியில் இரண்டு குழாய் கூட்டிப் போடுங்கள், சவர்க்காரம் வையுங்கள். பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டால் இதெல்லாம் ஒரு கிழமை வேலை.

கன்டீன் விஷயமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கன்டீனைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது எந்த உணவு விற்கலாம், என்ன விலை என்று நிபந்தனை போடுகிறீர்கள்தானே, எதில் சுற்றித் தருவது என்றும் ஒரு வரி சேருங்கள். வடையைக் கடதாசியில் தரலாம். தட்டில் தரலாம். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்படித்தான் தந்தார்கள்.

இலை எரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிரமதானம் என்றால் எங்கள் பாடசாலையில் கூட்டிக் குவித்து எரிப்பதுதான். மாமரத்து இலையோடு டொபித் தாளும், லன்ச் ஷீட்டும், உடைந்த பேனாவும் சேர்ந்து எரியும். புகை நேரே கீழ்மாடியில் இருக்கிற ஆறாம் வகுப்புக்குள் போகும். அந்த வகுப்பில் இன்ஹேலர் வைத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022 டிசெம்பரில் நாடு முழுக்கக் காற்று கெட்டு, 9ஆம் திகதி பாடசாலைகளுக்கெல்லாம் விடுமுறை விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? வெளியே இருந்து வந்த புகைமூட்டத்துக்குப் பாடசாலையை மூடினோம். பாடசாலைக்குள் நாங்களே மூட்டுகிற புகைக்கு என்ன செய்கிறோம்? இலை எரிக்கிற பொருளே இல்லை. மதிலோரம் மூன்று கம்பி வலைக்கூடு போட்டால், இலையும் பச்சைத் தொட்டிச் சோறும் மாறி மாறிப் போட்டால், அதுதான் கூட்டெரு. விவசாயப் பாடம் எடுக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறைக்கும் ஆகும். யோகட் கோப்பை, சிரட்டை எல்லாம் மதிலுக்குப் பின்னால் கிடந்து தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று 2017ஆம் வருஷமே காட்டியது. அந்த ஒரு வருஷத்தில் 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது, 440 பேர் இறந்தார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் பி.எச்.ஐ. மஹத்தயா, வரப்போகிறார் என்றால் மட்டும் அவசரமாகக் கூட்டுகிற பழக்கம் போதாது.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறோம். இதை எழுத எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, எங்களோடு படிக்கிறவர்களின் வீட்டுக் கதை இது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலையகத்தில் முழுக் குடும்பங்களாக மண்ணுக்குள் போனார்கள். எங்கள் பக்கம் களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிய, கடுவல எல்லாம் தண்ணீருக்குள். எங்கள் மூத்த வகுப்பு அக்கா அண்ணாமார் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரம், பரீட்சை இடைநடுவில் நின்றது. வெல்லம்பிட்டிய சிநேகிதி ஒருத்தியின் வீட்டைத் துப்புரவாக்க நாங்கள் ஐந்து பேர் போனோம். சுவரில் எங்கள் தோள் உயரத்துக்கு மேலே ஒரு கோடு, அதுவரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. ஜன்னல் கம்பிகளில் லன்ச் ஷீட் சுற்றிக்கொண்டு காய்ந்திருந்தது. ஒன்றிரண்டு இல்லை, கம்பிக்குக் கம்பி. கொப்பிகளை எடுத்து வெயிலில் பிரித்து வைத்தோம், அவள் மூன்று வருஷமாக எழுதிய உயிரியல் குறிப்புகள், மை கரைந்து பக்கம் முழுக்க நீலமாக இருந்தது. அவள் அழவில்லை. கம்பியில் இருந்த பொலித்தீனை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து எடுத்துக்கொண்டே இருந்தாள்.

குப்பையால்தான் அந்த வெள்ளம் வந்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம், அது பொய். மலையில் கொட்டிய மழை ஆற்றால் இறங்கி வந்தது. கடல் சூடாவதையும் மழை கனப்பதையும் கொழும்புப் பாடசாலை ஒன்று தனியே நிறுத்த முடியாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் சாதாரண மழைக்கே ஒரு மணித்தியாலத்தில் வீதி ஆறாகிறதே, அதில் எங்கள் பங்கு இருக்கிறது. கானை அடைத்த பொலித்தீனில் எங்கள் பங்கு இருக்கிறது. தண்ணீர் போய்த் தங்கவேண்டிய சதுப்பு நிலங்களை மண் போட்டு மூடிவிட்டு அதற்கு மேலே வீடு கட்டிய பெரியவர்களின் பங்கும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சதுப்பு நிலம் என்றதும் இன்னொன்று. 2018 ஒக்டோபரில் உலகத்தில் முதன்முதலாக 18 நகரங்களுக்கு ஈரநிலங்களைப் பாதுகாக்கிற ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, அதில் ஒன்று கொழும்பு. ஒரு நாட்டின் தலைநகரத்துக்குள் ஈரநிலம் இருப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை! பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகை நடைபாதையில் நடந்து பார்த்தால் நாரை, நீர்க்காகம், கபரகொய்யா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். இரவில் மீன்பிடிப் பூனை நடமாடுகிற இடம் அது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எங்களில் ஒருவரைக்கூடப் பாடசாலை அங்கே கூட்டிக்கொண்டு போகவில்லை. சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, தண்ணீர்ப் பூங்கா. அதுவும் நல்லதுதான், பஸ்ஸில் ஆடிப் பாடிப் போனதை நாங்கள் மறக்க மாட்டோம். ஆனால் வருஷத்தில் ஒருநாள் எங்களைக் கொழும்பைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். காலையில் அம்பத்தளைக்குப் போவோம், எங்கள் குழாய்த் தண்ணீர் களனி கங்கையில் இருந்து எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்ப்போம். அப்புறம் பெத்தகான. பின்னேரம் மீத்தொட்டமுல்ல. அந்த மேட்டை வீதியில் நின்று பார்த்தாலே போதும், அதற்குப் பிறகு எந்தப் பேச்சாளரும் எங்களுக்குப் பேசத் தேவையில்லை.

ஜூன் 5ஆம் திகதியைப் பற்றி நாங்கள் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப்போகிறோம். உலகச் சுற்றாடல் தினத்துக்கு எங்களைப் பச்சைச் சேலை கட்டச் சொல்லாதீர்கள். பிரதம விருந்தினருக்கு மாலை போட்டு, மூன்று பேர் சேர்ந்து ஒரு மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிற அந்தக் காலை நேரத்தில் நான்கு பாடவேளை போய்விடுகிறது. போன வருஷம் நட்ட கன்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை, விடுமுறைக் காலத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் போடுவதும் இல்லை. கடற்கரை துப்புரவாக்கப் போவதும் அப்படித்தான், போகிற பிள்ளைகள் மனதார வேலை செய்கிறார்கள், குனிந்து குனிந்து முதுகு நோகப் பொறுக்குகிறார்கள், அதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் எரிந்தபோது நாங்கள் வீட்டுக்குள் அடைபட்டுச் சூமில் படித்துக்கொண்டிருந்தோம், அதில் இருந்து கடலில் கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகளைப் பிறகுதான் கடற்கரை மணலுக்குள் கண்டோம், உள்ளங்கையில் எடுத்தால் ஜவ்வரிசி மாதிரி இருக்கும். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல்காரர் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது வகுப்பில் கைதட்டினோம். கைதட்டிவிட்டு இடைவேளைக்குப் போய் லன்ச் ஷீட்டைச் சுருட்டி எறிந்தோம். இதுதான் எங்களைக் குடைகிறது.

அதனால் அடுத்த ஜூன் 5க்கு மேடை வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு தராசு வாங்கித் தாருங்கள், புறக்கோட்டையில் கொழுவித் தூக்கி நிறுக்கிற சின்னத் தராசு போதும். தினமும் மூன்று சாக்கையும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதுகிறோம். எவ்வளவு சோறு, எவ்வளவு கடதாசி, எவ்வளவு பிளாஸ்டிக். மாதக் கடைசியில் அதை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறோம், பாஸானவர் பட்டியல் ஒட்டுகிற அதே பலகையில். அடுத்த பாடசாலையும் ஒட்டினால் பார்த்துக்கொள்ளலாம், யாருடைய சோறு குறைகிறது என்று. கிரிக்கெட்டில் போட்டி போடுகிறோம், விவாதத்தில் போட்டி போடுகிறோம், இதிலும் போடலாம்தானே. கணக்கு இருந்தால்தான் கடதாசியை எடுக்கிறவரிடமும் பிளாஸ்டிக்கை எடுக்கிறவரிடமும் பேச முடியும், கிழமைக்கு எவ்வளவு தேறும் என்று அவர்கள் கேட்கிற முதல் கேள்விக்கே இப்போது எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் ஒரு பழைய பேப்பர்காரரிடம் கேட்டுப் பார்த்தோம், காய்ந்த கடதாசி என்றால் வந்து எடுக்கிறேன், குழம்பு பட்டது வேண்டாம் என்றார். நியாயம்தானே.

இன்னும் ஒன்று, இதை நாங்கள் உங்களிடம் சொல்லாமல் செய்துவிட்டோம், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறோம். போன கிழமை காசு சேர்த்து இரண்டு சாக்கு வாங்கினோம். ஒன்றில் நீல மையால் "கடதாசி" என்றும் மற்றதில் "பிளாஸ்டிக்" என்றும் பெரிதாக எழுதி, அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா வாங்கி விரித்துப் பார்த்தார், எழுத்தைத் தடவிப் பார்த்தார், சிரித்தார். பிறகு இரண்டையும் மடித்துத் திரும்ப எங்கள் கையில் தந்துவிட்டார்.

"வேணாம்னு இல்ல மகள். மூணு சாக்கும் கேற்றடியில நின்டா, ஆர் வைக்கச் சொன்ன என்று ஒபிஸ்ல கேப்பாங்க. நா என்ன சொல்றது? லொறிக்கு ஒன்றத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. மற்ற ரெண்டையும் எங்க வைக்கிறது, மழை பெஞ்சா எங்க வைக்கிறது, அதுவும் எனக்குத் தெரியாது. பெரிய சேர் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே செய்றேன்."

சாக்குகள் எங்கள் வகுப்பு அலுமாரிக்கு மேலே மடித்தபடி இருக்கின்றன. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு மூலை வெறுமனே கிடக்கிறது, மழை படாது, லொறி வருகிற பக்கமும் இல்லை. அந்த மூலையை நாங்களே கூட்டித் தருகிறோம். அக்காவைக் கூப்பிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலர்
கொழும்பு